மாடு விற்றுச் சேர்ந்த பாங்கி வேலை

பாங்கி வேலைக்காரனைக் கண்டால் ஊர் மரியாதையாக ஒதுங்கி வழிவிடும். பாங்கி உடைந்துவிட்டால் அதே ஊர் ஒதுங்காமல் நேராக வந்து மேலே மோதும். இரண்டையும் ஒரே வருஷத்தில் பார்த்துவிட்டேன். எனக்கு வயது பதினேழு. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு போதும் என்று நானே தீர்மானித்து வெளியே வந்தவன். எந்தப் பாங்கி என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் கிள்ளானில் இன்னும் சிலர் வெற்றிலை போடாமலே துப்புகிறார்கள். ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், வாசலில் இரண்டு தூண் நிறுத்தி, தூணுக்குக் கருங்கல் மாதிரி சாயம் அடித்த பாங்கி என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஜாமீன் கட்டி வேலைக்குப் போனவர்களே, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பாங்கியில் போட்டவர்களே, இது நம்முடைய கதைதான். அழுதுகொண்டே படிக்க வேண்டாம். அழுதால் பணம் வருமா என்று நான் முன்பே சோதித்துப் பார்த்துவிட்டேன்.

வட்டி கேட்ட ஜாமீன்

பாங்கியில் பணத்தைத் தொடுகிறவன் எவனும் முதலில் பாங்கிக்குப் பணம் கட்ட வேண்டும். அதுதான் ஜாமீன். அவன் திருடிவிட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். மானேஜர் திருடினால் எதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று நான் அப்போது கேட்கவில்லை, வேலை வேண்டியிருந்தது. நூற்றைம்பது வெள்ளி என்றார் மானேஜர். ஆறு மாதம் கைசுத்தமாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெரிய மனிதர் ஒருவரின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்வார்களாம்.

எங்கள் வீட்டில் அப்பா இல்லை. அம்மா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். அதில் நல்ல கறவை சிவப்பி. அவளை அந்த நூற்றைம்பதுக்கே விற்றோம். வாங்கியவர் அதே பாங்கியின் ஜாகா கர்த்தார் சிங். பகலில் மாடும் வட்டிக் கடனும், ராத்திரியில் பாங்கி வாசலில் கட்டில் போட்டுக் காவலும் அவருக்குத் தொழில். சிவப்பி அப்போது இளஞ்சினை. "கன்னு போடுறதுக்குள்ள அதே பணத்தைக் கொண்டாந்தா மாடு உன்னுது. போட்டுட்டா ரெண்டும் என்னுது" என்று சிங் அம்மாவிடம் சொல்லியிருந்தார். ஆறு மாதத்தில் ஜாமீன் திரும்பும், சிவப்பியும் திரும்புவாள் என்பது எங்கள் கணக்கு.

பணத்தைக் கட்டும்போது எனக்கு ஒரு யோசனை. "என் பணம் உங்களிடம் சும்மா தூங்குவானேன்? மற்றவர்களுக்குக் கொடுக்கிற வட்டியை எனக்கும் கொடுங்கள்" என்றேன். மானேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், சிரித்தார், என் பெயரில் ஒரு கணக்கே திறந்துவிட்டார். பக்கத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, கந்தையா நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தன்னுடைய ஜாமீனுக்குத் தபாலாபீஸ் சேமிப்புப் புத்தகத்தை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்துப் பாங்கிப் பெட்டிக்குள் கொடுத்துவிட்டு, பாங்கியிடம் ஒரு காசு வட்டி கேட்காமல் காலம் தள்ளுகிறவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துச் சொன்னார்: "கெட்டிக்காரன்தான். மாடு வித்த காசுக்கும் வட்டி கேக்கிற பெடியன்தான் பாங்கிக்கு வேணும்."

கல் வரும் திசை

ஐந்தாவது மாதம் ஒரு திங்கட்கிழமை கதவு திறக்கவில்லை. மானேஜர் உடம்புக்கு நல்லது என்று கடல்காற்று வாங்கப் போர்ட் டிக்சன் போயிருந்தார். கடல் அங்கேயே இருக்கிறது. மானேஜர்தான் இல்லை. கதவில் ஒரு நோட்டீஸ், முழுவதும் இங்கிலீஷில். பாங்கியில் பணம் போட்டவர்களில் பாதிப் பேருக்குத் தமிழே கைநாட்டு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

படியில் ஏறி நின்று சொன்னேன். பணம் கொடுப்பது நின்றுவிட்டது. கோலாலம்பூர் கோர்ட்டிலிருந்து ரிசீவர் என்று ஒருவர் வருவார். பாங்கிக்கு வர வேண்டியதை வசூலிப்பார், இருப்பதை விற்பார், வந்ததை எல்லாருக்கும் பங்கு போடுவார். புரியவில்லை என்றார்கள். "பாங்கி செத்துப்போச்சு. காரியம் பண்ண ஆள் வருது" என்றேன். அது புரிந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் குனிந்து தரையில் எதையோ தேடினார்கள். என் சட்டையை வெளுக்கிற முனியாண்டி முன்வரிசையில் நின்றிருந்தார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததெல்லாம் உள்ளேதான் இருந்தது. அவ்வளவிலும் எனக்கு நல்ல புத்தி சொன்னவர் அவர் ஒருவர்தான்: "நின்னுக்கிட்டே சொல்லாதே தம்பி. குந்திக்கிட்டுச் சொல்லு, கல்லு மேலாப்ல போயிடும்."

ஒரு முழம், ஒரு சாண்

ரிசீவர் துரை காலை ரயிலில் வந்தார். கணக்குப் பரிசோதிக்கிற வெள்ளைக்காரர். முதலில் தேநீர் கேட்டார், அடுத்து விசிறி கேட்டார், மூன்றாவதாக மானேஜரைக் கேட்டார். முதல் இரண்டும் கிடைத்தன. மற்ற வேலைக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கணக்குக்குக் கந்தையாவையும் வாய்க்கு என்னையும் துரை நிறுத்திக்கொண்டார். என் வாயில் இங்கிலீஷ், தமிழ், சந்தையில் பேசுகிற பாசார் மலாய் மூன்றும் உண்டு. இனி எங்கள் சம்பளம், வசூல் செலவு என்ற பேரில், செத்த பாங்கியின் பணத்திலிருந்து முதலில் எடுக்கப்படும் என்றார். அதாவது உங்கள் பானையிலிருந்து முதல் அகப்பை எனக்கு. கோபப்படாதீர்கள், அந்தப் பானையில் எங்கள் மாடும் கிடந்தது.

முதல் ஆளாகப் பந்திங் தோட்டத்துக் கங்காணி பெருமாள் வந்தார். வேட்டிக்கு மேலே கோட்டு, கையில் குடை. துரை எழுந்து நின்று பேசினார். உலகத்து நிலைமை, ரப்பர் விலை விழுந்த விதம், கோர்ட்டின் பொறுப்பு, தன்னுடைய ஆழ்ந்த வருத்தம் என்று தேநீர் ஆறுகிற வரைக்கும் பேசினார். பிறகு சொல்லு என்று எனக்குத் தலையசைத்தார். நான் கங்காணியிடம் சொன்னேன்: "இப்போ கிடையாது. எப்போன்னு தெரியாது. முழுசா வராது." கங்காணி என்னைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், குடையைத் தரையில் ஊன்றினார். "துரை ஒரு முழம் பேசினாரு, நீ ஒரு சாண் கூடச் சொல்லல. மிச்சத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?"

கயிற்றுக் கட்டில்

பாங்கிக்குப் பின்னால் ஆற்றுப் பக்கம் ஒரு புல்தரை. சிங் சிவப்பியை அங்கேதான் கட்டுவார். நான் உட்கார்கிற இடத்து ஜன்னலைத் திறந்தால் நேரே அவள் வயிறு தெரியும். வாரத்துக்கு வாரம் அது பெரிதாகிக்கொண்டே போனது. பாங்கியில் வளர்ந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

பணம் போட்டவர்கள் பட்டியலில் சிங் பெயர் இல்லை என்று துரைக்கு ஆச்சரியம். ஒரு காசு கூடப் போடவில்லையா என்று என்னை விட்டுக் கேட்கச் சொன்னார். சிங் பல காலமாகத் தமிழர் நடுவில் வட்டிக்குக் கொடுத்து வாங்கியவர், தமிழ் நன்றாகவே வரும். "கதவைப் பார்த்துக்கத்தான் எனக்குச் சம்பளம். மானேஜரைப் பார்த்துக்க இல்ல" என்றார். துரை அதைக் கேட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிங்கை வாசலுக்குக் கூட்டிப்போய், என் ஜாமீன் எப்படியும் வரும், கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் மாட்டைக் கொடுத்துவிடுங்கள், கன்று போட்டுவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள் என்று கேட்டேன். அவர் கயிற்றுக் கட்டிலின் தளர்ந்த கயிறுகளை இழுத்து முடிந்துகொண்டே கேட்டுவிட்டு, கதவில் இன்னும் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினார். "மாட்டு வயித்துல இருக்கிறதை நிறுத்தி வைக்கவும் ஒரு நோட்டீஸ் உண்டான்னு துரைகிட்டக் கேளு."

ஈயக் குளம்

பாங்கியின் பெரிய சொத்து அம்பாங்கில் இருந்தது. ஈயச் சுரங்கம். அதை ஈடாக வைத்து மானேஜர் தன் மச்சினனுக்கு மலைபோலக் கடன் கொடுத்திருந்தார். மச்சினனும் இப்போது கடல்காற்று வாங்குகிறார். சுரங்கத்தை விற்றால் ஊருக்கே கொடுத்துவிடலாம் என்று துரை தெம்பாக இருந்தார். எனக்கும் தெம்பு வந்தது. சுரங்கம் விற்றால் ஜாமீன், ஜாமீன் வந்தால் சிவப்பி. துரை வாடகைக்கு எடுத்த மோட்டார் வண்டியில் நானும் ஏறிப் போனேன்.

போய்ப் பார்த்தால் ஒரு குளம். ஈயத்தைத் தோண்டி முடித்துப் பல காலம் ஆகி, பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று, தண்ணீர் முழுக்க வாத்து. கரையில் ஒரு சீனத் தாத்தா தவிடு பிசைந்துகொண்டிருந்தார். துரை வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. நான்தான் போய், இந்த இடம் பாங்கிக்குச் சொந்தம், பாங்கியை நாங்கள் கணக்கெடுக்கிறோம் என்று மலாயில் சொன்னேன். தாத்தா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து மரியாதையாகவே பதில் சொன்னார். அதைத் தமிழில் இப்படித்தான் சொல்ல வரும்: "தண்ணி உங்களோடது, எடுத்துக்கிட்டுப் போங்க. வாத்து என்னோடது, அதை மட்டும் எண்ணாதீங்க."

கடன் வாங்காதே

நாங்கள் வசூலிக்க வேண்டிய கடன்காரர்களில் ஒருவர் துணிக்கடை ராவுத்தர். சிரித்துக்கொண்டே வந்தார். பாங்கிக்கு எண்ணூறு வெள்ளி தர வேண்டியவர், அதே பாங்கியில் எழுநூறு போட்டும் வைத்திருந்தார். ஒன்றை ஒன்றில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது என்றார் துரை. ராவுத்தர் நூறு வெள்ளியை எடுத்து வைத்தார், எனக்கு ஒரு கைக்குட்டை கொடுத்தார், போய்விட்டார். அவர் போட்ட எழுநூறும் முழுசாக அவருக்குக் கிடைத்த மாதிரிதான்.

அவருக்குப் பின்னால் எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் நின்றிருந்தார். பிறந்ததிலிருந்து யாரிடமும் கைநீட்டாதவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் எங்களிடம் இருந்தது. கடன் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார் பெருமையாக. அப்படியானால் கழிக்க ஒன்றும் இல்லை சார், பங்கு வரும்போது வரிசையில் வாங்க என்றேன். அவருக்குப் புரிய வைப்பதற்குள் என் தொண்டை வற்றிவிட்டது. நாலாம் வகுப்பில் 'கடன் வாங்காதே' என்று சிலேட்டு நிறைய எங்களை எழுத வைத்தவர் அவர்தான். கையெழுத்து சரியில்லை என்று என்னை மட்டும் இரண்டு தடவை எழுத வைத்தார். அதை ஞாபகப்படுத்தினேன். ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாம், ஆனால் என் குணம் அப்படி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நாளையிலேர்ந்து, 'பணம் போட்ட இடத்தைத் தவிர வேறெங்கேயும்'னு முன்னால சேர்த்து எழுத வைக்கிறேன்."

பரிவட்டத்து வரிசை

கோயில் கமிட்டியார் நாலு பேர் பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்தார்கள். தேருக்குச் சேர்த்த பணம் பாங்கியில் இருந்தது. சாமி பணம் என்பதால் முதல் பங்கு சாமிக்கு என்பது அவர்கள் கட்சி. துரை சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். முதலில் சர்க்காருக்குச் சேர வேண்டியது, அடுத்து வேலைக்காரருக்குப் பாக்கி நின்ற சம்பளம், அதற்குப் பிறகு மற்ற எல்லாரும் ஒரே பந்தியில். சாமி மூன்றாவது பந்தி.

கமிட்டித் தலைவர் விடவில்லை. சாமி கோபித்தால் ஊருக்கு ஆகாது என்றார். நான் அதை அப்படியே சொன்னேன். சாமியிடம் தனக்கும் மரியாதை உண்டு, ஆனால் பங்கு கேட்கிற மனுப் பாரத்தில் சாமிக்காகக் கையெழுத்துப் போடப் போவது யார் என்று துரை கேட்டார். அதற்கு மட்டும் நாலு பேரும் ஒரே சமயத்தில் கை நீட்டினார்கள். யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை கிளம்பிவிட்டது. துரை பேனாவை மூடிவிட்டு விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தலைவரே களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "சர்க்கார் முதல்ல, சம்பளக்காரன் ரெண்டாவது, சாமி மூணாவது. நாங்க என்னடான்னா பரிவட்டம் யாருக்கு முதல்ல கட்டுறதுன்னு இத்தனை வருஷமா அடிச்சுக்கிட்டிருக்கோம்."

கெட்டிக்காரன்

வேலைக்காரர் இரண்டாவது பந்தி என்று கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நானும் வேலைக்காரன்தானே. அன்றைக்கே ஜாமீனைக் கேட்டேன். சிவப்பிக்கு மடி இறங்க ஆரம்பித்திருந்தது. துரை முதலில் கந்தையாவைக் கூப்பிட்டு, அரக்கு முத்திரையைப் பார்த்து, உறையை அப்படியே கையில் கொடுத்தார். அது அவர் பொருள், பாங்கி பத்திரமாக வைத்திருந்தது, அவ்வளவுதான். அடுத்தது நான். என் ஜாமீனைத் தனியாக வைத்திருந்தார்களா என்று கேட்டார். தனிக் கணக்கே திறந்தார்கள் என்றேன். வட்டி வாங்கினாயா என்று கேட்டார். வாங்கினேன், நானே வாதாடி வாங்கினேன் என்று நிமிர்ந்து நின்று சொன்னேன்.

துரை கண்ணாடியைக் கழற்றினார். சும்மா கொடுத்து வைத்திருந்தால் அது உன் பொருள், முழுசாகத் திருப்பித் தர வழி தேடியிருப்பேன். வட்டி வாங்கியதால் நீ பாங்கிக்குக் கடன் கொடுத்தவன் ஆகிவிட்டாய், மற்றவர்களோடு வரிசையில் நில் என்றார். அதுவரை எனக்கு வந்த வட்டி மூன்று வெள்ளி சில்லறை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். துரைக்கு என் மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது, ஆனால் இரக்கத்துக்குச் சட்டத்தில் பக்கம் இல்லை. வெளியே வந்தேன். கந்தையா தன் உறையைக் கோட்டுப் பைக்குள் வைத்துப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். "நான் அண்டைக்கே சொன்னனான் தம்பி, நீ கெட்டிக்காரன் எண்டு."

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மிச்சமிருந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டாள்: "அந்த மூணு வெள்ளியில என்னடா வாங்கினே?" ஒரு தொப்பி வாங்கியிருந்தேன்.

சுழல் நாற்காலி

பாங்கிச் சாமான்களை ஏலம் விட்டோம். பித்தளைக் கம்பி, கடிகாரம், மேஜை எல்லாம் போயின. தூண்களை யாரும் கேட்கவில்லை. மானேஜரின் சுழல் நாற்காலிக்கு மட்டும் போட்டி. சலூன் வைத்திருக்கிற கோவிந்தன் விடாமல் ஏற்றி ஏற்றிக் கேட்டு எடுத்தார். அவர் பணமும் பாங்கியில் மாட்டியிருந்தது. இருந்தும் கடன் வாங்கி எடுத்தார்.

நான் ஏலத்தொகையை எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் பக்கம் சத்தம். சிவப்பி கன்று போட்டுவிட்டாள். காளைக் கன்று. சிங் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி எழுதினேன். அந்த வரி மட்டும் கோணல்மாணலாகப் போய்விட்டது. கோவிந்தனுக்கு அதெல்லாம் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரியே சொன்னார்: "உட்கார்ந்தவனுக்கு எந்திரிக்க மனசு வராது தம்பி. மானேஜரையே பாங்கி உடைஞ்சுதானே எழுப்பிச்சு."

வெள்ளிக்கு இருபது காசு

கடைசியில் பங்கு வந்தது. போட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் இருபது காசு, அதாவது ஐந்தில் ஒன்று. குளம் விற்றதில் வாத்துக்குத் தவிடு வாங்கக்கூடத் தேறவில்லை என்று கந்தையா சொன்னார். வரிசை மீன் பாசார் வரைக்கும் நீண்டது. பெயரைக் கூப்பிட்டுப் பணம் கொடுப்பது என் வேலை. முனியாண்டி வாங்கினார், வாத்தியார் வாங்கினார், சாமிக்காக நாலு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள்.

பிறகு என் பெயர் வந்தது. நானே கூப்பிட்டேன், நானே எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன், கையெழுத்துப் போட்டேன், திரும்ப இந்தப் பக்கம் வந்து முப்பது வெள்ளியை எண்ணி எடுத்துக்கொண்டேன். முறை என்றால் முறை. எனக்குப் பின்னால் நின்றவர் பந்திங் கங்காணி பெருமாள். இத்தனை நாளும் நான் உள்ளே இருந்து சாப்பிடுகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னவர். நான் எண்ணுவதை எட்டிப் பார்த்தார். "உனக்கும் அவ்வளவுதானா? அப்போ உன்னைத் திட்டினதுல வெள்ளிக்கு இருபது காசு வாபஸ் வாங்கிக்கிறேன்."

வைக்கோல் கன்று

முப்பது வெள்ளியை அம்மாவிடம் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு நேரே சிங்கிடம் போனாள். நானும் போனேன். மாட்டைக் கேட்டுக் கெஞ்சப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் மாட்டைக் கேட்கவே இல்லை. கன்றுக்குட்டியை விலைக்குக் கேட்டாள். சிங்குக்கு நம்ப முடியவில்லை. காளைக் கன்றால் அவருக்கு என்ன லாபம், குடிக்கிற பால் நஷ்டம். செத்த கன்றுத் தோலில் வைக்கோல் அடைத்து அவரிடம் ஒன்று தயாராக இருந்தது. பால் கறக்கும்போது அதை மாட்டின் முன்னால் நிறுத்தினால் போதும், மாடு கன்று என்று நினைத்துச் சுரந்துவிடும். அவருடைய மற்ற மாடுகள் எல்லாம் அதற்குத்தான் கறந்தன. முப்பது வெள்ளியை வாங்கி இரண்டு தடவை எண்ணினார். கன்றை நான் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தேன். நல்ல வேளை, அந்தத் தொப்பியை அன்றைக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் சிவப்பி முன்னால் வைக்கோல் கன்றை நிறுத்தினார்களாம். ஒரு தடவை மோந்து பார்த்தாளாம். பிறகு வாளியை உதைத்தாளாம். வெல்லம் கொடுத்தார்கள், தடவிக் கொடுத்தார்கள், வைக்கோல் கன்றின் மேல் உண்மைக் கன்றின் மூத்திரத்தைத் தெளிக்க ஆள் அனுப்பி எங்கள் வீட்டில் கேட்டார்கள். அம்மா, கன்று தூங்குகிறது என்று சொல்லிவிட்டாள். மடி கட்டிக்கொண்டு மாடு கத்த ஆரம்பித்ததும் சிங்கே அவளை ஓட்டிக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வந்து நின்றார். கன்றை ஒருவேளைக்குக் கொடு என்றார்.

"கன்னு எங்கேயும் வராது சிங்கு. தினம் மாட்டை இங்கே ஓட்டிட்டு வா. கன்னு குடிச்ச மிச்சத்துல ஆளுக்குப் பாதி" என்றாள் அம்மா.

"மாடு என்னுது, தீனி என்னுது. பாதி எப்படிம்மா?"

"கன்னுக்கு வட்டி வேணாமா?"

இதையெல்லாம் முன்னாலேயே யோசித்துத்தான் கன்றைக் கேட்டாயா என்று பிறகு அம்மாவிடம் கேட்டேன். மாடு என்ன நினைக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. தினமும் காலையில் சிவப்பி இப்போது எங்கள் கொட்டகைக்குத்தான் வருகிறாள். அவள் இன்னும் சிங்குடையவள்தான், எங்களுக்கும் நூற்றைம்பது வெள்ளி முழுசாக வரப் போவதில்லை. ஆனால் வீட்டில் மறுபடி இரண்டு மாட்டுப் பால் ஓடுகிறது. முதல் நாள் பங்குப் பாலைத் தூக்கிக்கொண்டு படலைத் திறந்தபோது சிங் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நீ அந்தப் பாங்கியில மானேஜரா இருந்திருந்தா நானும் பணம் போட்டிருப்பேன்மா."

கிள்ளான் ஊரே பாங்கி வாசலில் சாயம் அடித்த இரண்டு தூணைப் பார்த்துப் பால் சுரந்தது. வைக்கோல் என்று மோந்து தெரிந்துகொண்டு உதைத்தது ஒரு மாடு மட்டும்தான், அதற்குத்தான் பாங்கியில் கணக்கு இல்லை.